மூலப்படியின் ஞாபகம்

கோல் மார்க்கெட் என்று பெயரே தவிர, அந்தக் கட்டடம் வட்டம் கிடையாது. சுற்றி வந்து எண்ணினால் பன்னிரண்டு பக்கம் வரும். 1921இல், புது டெல்லி இன்னும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கிடந்த காலத்தில், சாலைகள் கூடும் இடத்தின் நடுவே அதை எழுப்பினார்கள். தள்ளி நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வட்டமாகத் தெரிவதால் ஊர் வாயில் 'கோல்' என்றே நிலைத்துவிட்டது. இந்த மார்க்கெட்டைச் சுற்றித்தான் அரசாங்க எழுத்தர்களுக்கும் டைப்பிஸ்ட்டுகளுக்கும் குவார்ட்டர்ஸ் வந்தன. டெல்லி இம்பீரியல் ஸோன் என்ற பழைய பெயர் தேய்ந்து, அரசு ஏடுகளில் அந்த வட்டாரம் இன்றைக்கும் டிஐஸட் ஏரியாதான். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு தெற்கிலிருந்து ரயிலேறிய தமிழர்கள் பலருக்கு டெல்லியில் வாய்த்த முதல் முகவரி இந்தப் பக்கத்து வீடுகள். அவர்கள் பிள்ளைகளுக்காக 1923இல் மதராஸி கல்விச் சங்கமாகத் தொடங்கியதுதான் இன்றைய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம். அதன் பள்ளிகளில் ஒன்று பக்கத்து மந்திர் மார்க்கில் இருக்கிறது.

குவார்ட்டர்ஸ் என்பது ஒரே வரைபடத்துக்குப் பல நூறு வீடு. டைப் ஒன்று, டைப் இரண்டு என்று வகை பிரித்து, வகைக்கொரு வரைபடம் போட்டு, அதே சமையலறையை அதே மூலையில் வைத்துக் கட்டிக்கொண்டே போவது. பழைய ஒற்றைமாடி வீடுகள் பலவும் இடிபட்டு அடுக்குமாடிகளாகிவிட்டாலும் இந்த வழக்கம் மாறவில்லை. ஒருவர் மாற்றலாகிப் போகும்போது மத்தியப் பொதுப்பணித் துறையின் 'என்கொயரி'யில் சாவியைக் கொடுப்பார். மீட்டர் கணக்கு முடியும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பெயர்ப் பலகை இறங்கும். அலாட்மென்ட் லெட்டரோடு அடுத்தவர் வந்து பொசஷன் எடுத்துக்கொள்வார். இத்தனை வீடுகளும் ஒரே அச்சில் இருப்பதால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வருவதில்லை. கஷ்டம் இரண்டு வழியில் வருகிறது. போனவரின் காஸ் இணைப்பும் ரேஷன் அட்டையும் தபாலும் அந்தக் கதவு எண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வருகிறது. வந்தவரின் காகிதம் உரிய மேசைக்குப் போய்ச் சேராவிட்டால் வருகிறது. டெம்ப்ளேட்டிலிருந்து இறக்கிய மெய்நிகர்க் கணினி ஓஎஸ் செட்டப்பில் விழுந்து கிடக்கும்போதும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் என்பதே என் வாதம். மூலப்படி எதையோ மறக்காமல் வைத்திருக்கிறது. அல்லது புதிய பிரதிக்கு எதையோ யாரும் சொல்லவில்லை.

வாசகர்களில் இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளின் உதவியால் பல கணினிகள் தனித்தனியாக இயங்குவதுபோல் அமைக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று நினைவகம், வட்டு, வலைத்தொடர்பு இருப்பதாகவே எண்ணி இயங்கும். இவற்றைத்தான் விஎம் என்கிறார்கள். ஒவ்வொரு விஎம்மிலும் விண்டோஸையோ லினக்ஸையோ முதலிலிருந்து நிறுவிக்கொண்டிருந்தால் நாள் போதாது. ஆகவே ஒன்றை ஒழுங்காக நிறுவி, பாதுகாப்புத் திருத்தங்கள் போட்டு, அதை டெம்ப்ளேட்டாக உறைய வைத்துவிட்டு, வேண்டும்போது பிரதி எடுக்கிறார்கள். தொழிலில் கோல்டன் இமேஜ் என்றும் சொல்வார்கள். நமக்கு ஓலைச்சுவடி மரபு கொடுத்திருக்கும் 'மூலப்படி' என்ற சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அமேசான் 2006இல் தன் கணினிகளை மணிக்கணக்கு வாடகைக்கு விட்டபோது அதன் அடிப்படையே இப்படிப்பட்ட மூலப்படிகள்தாம். இந்திய அரசில் 1976இல் தொடங்கிய தேசியத் தகவலியல் மையம் 2014இல் மேகராஜ் என்ற பெயரில் அரசுக்கான மேகக்கணிமையைத் திறந்தது. இன்று ஓர் அமைச்சகமோ துறையோ புதிய இணையதளம் தொடங்க வேண்டுமென்றால் இரும்புப் பெட்டி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மூலப்படியிலிருந்து ஒரு பிரதி எழும்பினால் போதும்.

அந்தப் பிரதி எழும்பும் சில நிமிடங்கள்தாம் இங்கே விஷயம். வட்டைப் பிரதி எடுப்பதில் தவறு அபூர்வம். பைட்டுக்கு பைட் அப்படியே வந்துவிடும். வந்தபின்புதான் புதிய கணினி தன் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும், தன் ஐபி முகவரியைப் பெற வேண்டும், அலுவலகக் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் சேர வேண்டும், நிர்வாகியின் கடவுச்சொல்லையும் உரிம எண்ணையும் நேர மண்டலத்தையும் ஏற்க வேண்டும். விண்டோஸில் இதற்கென்று சிஸ்பிரெப் என்ற கருவி இருக்கிறது. மூலப்படியை மூடுமுன் அதை ஓட்டினால், கணினியின் பெயர், அதன் பாதுகாப்பு அடையாள எண், வன்பொருள் சார்ந்த விவரங்கள் எல்லாம் துடைக்கப்படும். அதுதான் வெள்ளையடிப்பு. பிறகு பிரதி முதன்முறை எழும்போது ஆன்சர் ஃபைல் என்ற பதில் கோப்பைப் படித்துத் தனக்குரியதை எல்லாம் ஏற்றுக்கொள்ளும். ஏழு கட்டங்களாக வகுத்திருக்கிறார்கள். அவற்றில் பொதுமையாக்கும் கட்டமும் தனித்துவம் தரும் கட்டமும் எதிரெதிர் வேலை செய்பவை. ஒன்று மறக்க வைக்கிறது, மற்றது சொல்லிக்கொடுக்கிறது. லினக்ஸில் இரண்டாவது வேலையைப் பெரும்பாலும் கிளவுட்-இனிட் செய்கிறது. முதலாவது வேலை பல இடங்களில் நிர்வாகியின் கவனத்தையே நம்பியிருக்கிறது.

விண்டோஸில் இது பிசகும்போது திரையில் வரும் செய்தியை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். கணினி எதிர்பாராமல் மறுதொடக்கம் ஆயிற்று அல்லது எதிர்பாராத பிழை நேர்ந்தது, நிறுவலைத் தொடர முடியாது, ஓகே அழுத்தி மறுபடி தொடங்குங்கள் என்கிறது அது. ஓகேயை அழுத்தினால் கணினி அணைந்து எழும், அதே செய்தியைக் காட்டும். பத்து முறை அழுத்தினாலும் பத்து முறையும் அதுவே. அந்தப் பெட்டியில் காரணம் எழுதியிருக்காது. ஆனால் அதே கணத்தில் அந்தக் கணினிக்குள்ளேயே காரணம் எழுதப்பட்டிருக்கும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப் 10 அழுத்தினால் அந்தத் திரையின் மேலேயே கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அங்கிருந்து நோட்பேடைக் கூப்பிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் பாந்தர் என்ற ஃபோல்டரைத் திறக்கலாம். செட்டப்ஆக்ட் என்ற லாக் நடந்ததை எல்லாம் சொல்லும். செட்டப்எர் என்ற லாக் தவறியதை மட்டும் சொல்லும். பாந்தருக்குள் இருக்கும் அன்அட்டெண்ட்ஜிசி என்ற உள்ஃபோல்டரில் தனித்துவம் தரும் கட்டத்தின் கதை இருக்கும். மூலப்படியில் சிஸ்பிரெப் ஓடியபோது நடந்தது தனியாக, சிஸ்பிரெப்பின் சொந்த பாந்தர் ஃபோல்டரில் கிடக்கும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே ஒரு வரியில் வந்து நிற்போம்.

அந்த ஒரு வரி எவ்வளவு அற்பமாக இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரு துறை தன் கணினிகளுக்கு இடத்தை வைத்துப் பெயரிட முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஐஸட், ஒரு சிறுகோடு, கோல்மார்க்கெட், ஒரு சிறுகோடு, பிறகு 04. ஆங்கில எழுத்தில் எண்ணினால் மூன்றும் ஒன்றும் பத்தும் ஒன்றும் இரண்டும், ஆக 17. விண்டோஸில் கணினிப் பெயருக்கு இடம் 15தான். பதில் கோப்பின் பெயர்க் கட்டத்தில் அந்த 17 எழுத்து இருந்தால் தனித்துவக் கட்டம் அந்தக் கோப்பையே ஏற்க மறுக்கும், கணினி அங்கேயே நின்றுவிடும். ஏன் 15? 1980களில் சிறு அலுவலகங்களின் கணினிகளை இணைக்க வந்த நெட்பயாஸ் முறையில் ஒரு பெயருக்கு 16 பைட் ஒதுக்கினார்கள்; கடைசி பைட்டை அந்தக் கணினி என்ன சேவை தருகிறது என்று குறிக்க எடுத்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய அந்த முடிவு இன்றைக்கு ஓர் அலுவலகத்தின் காலைநேரத்தை விழுங்குகிறது. இந்தச் செய்தியைத் திரையில் தேடினால் கிடைக்காது. லாக்கில் தேடினால் சில நிமிடத்தில் கிடைக்கும்.

இன்னொரு வகைத் தவறு டொமைனில் சேரும்போது நிகழ்வது. புதிய பிரதி எழுந்து, தன் அலுவலகத்தின் டொமைன் கன்ட்ரோலரைத் தேடுகிறது. பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் என்று அதற்குக் கொடுக்கப்பட்ட முகவரி வேறு வலையமைப்பைச் சேர்ந்ததாக இருந்தால் கதவு எங்கே என்றே தெரியாது. டிஎன்எஸ் சரியாக இருந்தும் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்னோ பின்னோ ஓடினால் கெர்பரோஸ் என்ற அங்கீகார முறை அதை உள்ளே விடாது. வழக்கமான வரம்பு அந்த ஐந்து நிமிடம். இந்த முயற்சியின் ஒவ்வொரு அடியும் நெட்செட்டப் என்ற தனி லாக்கில் பதிவாகிறது. ஆனால் மேலிருந்து விஎம்மை இறக்கிய நிர்வாகியின் கன்சோலில் என்ன தெரியும்? 'நேரம் கடந்துவிட்டது' என்று மட்டும் தெரியும். கன்சோல் பார்ப்பது விஎம்முக்குள் இருக்கும் ஏஜென்ட்டின் பதிலை. அந்த ஏஜென்ட் எழுந்திருக்க வேண்டுமானால் ஓஎஸ் எழுந்திருக்க வேண்டும். ஓஎஸ் காத்துக்கிடப்பது டொமைனுக்காக. டொமைன் கிடைக்காததற்குக் காரணம் கடிகாரம். மூன்று கை மாறி வந்த செய்தியை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டு மறுபடி முயல்வது பலர் செய்யும் முதல் காரியம். அதனால் தோல்வி தாமதமாக வருமே தவிர வேறு பயன் இல்லை.

லினக்ஸ் இதைவிடச் சிக்கலானது, காரணம் அது சத்தமில்லாமல் தோற்கும். ஒவ்வொரு நிறுவலுக்கும் மெஷின்-ஐடி என்று ஓர் எண் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். மூலப்படியில் அதைக் காலி செய்யாமல் விட்டால் எல்லாப் பிரதிகளும் அதே எண்ணோடு எழும். உபுண்டு 18.04இலிருந்து டிஹெச்சிபி சர்வரிடம் ஐபி கேட்கும்போது கணினி தன்னை அந்த எண்ணிலிருந்து பிறந்த அடையாளத்தால் அறிமுகம் செய்துகொள்கிறது. வலையட்டை முகவரி வேறுவேறாக இருந்தும் இரண்டு விஎம்கள் ஒரே ஐபியைப் பெற்று ஒன்றையொன்று தள்ளுவதற்கு இதுவே காரணம். பார்ப்பவருக்கு ஏதோ கேபிள் ஆட்டம் கண்டதுபோல் இருக்கும்: ஒரு சமயம் தொடர்பு கிடைக்கும், ஒரு சமயம் கிடைக்காது. சென்ட்ஓஎஸ் 6 காலத்தில் வேறு மாதிரி. பழைய வலையட்டையின் முகவரியை ஒரு விதிக்கோப்பு நினைவு வைத்திருக்கும். பிரதியின் புதிய அட்டையை அது இரண்டாவது அட்டையாக எண்ணிக்கொள்ளும். முதல் அட்டைக்கு எழுதிவைத்த அமைப்புகள் எல்லாம் இல்லாத அட்டைக்கு எழுதியவையாகிவிடும். போன குடும்பத்துக்கு வந்த தபாலை எடுத்துக்கொண்டு தபால்காரர் காலிக் கதவைத் தட்டுவதுபோல. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையின் சாவிகள் இன்னும் மோசம். ஒரு மூலப்படியின் சாவியோடு எழுந்த நூறு பிரதிகளில் ஒன்றின் சாவி களவு போனால் நூறும் போனதுதான். பகிர்ந்த சாவிகள் கற்பனை ஆபத்து இல்லை. 2012இல் நாடியா ஹெனிங்கரும் அவர் குழுவினரும் இணையம் முழுவதையும் துழாவியபோது, டிஎல்எஸ் சான்றிதழ்களில் 0.75 விழுக்காடு, உருவாக்கிய கணத்தில் போதிய தற்செயல் எண்கள் கிடைக்காததால் சாவியைப் பகிர்ந்திருந்தன என்று கண்டார்கள். முதன்முறை எழுந்த எந்திரம் தனக்கென்று ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ளும் நேரம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அந்த ஆய்வு சாட்சி.

மறதி அதிகமானாலும் கெடுதல்தான். பிரதிகளுக்குச் சாவி பொதுவாகிவிடக் கூடாது என்று மூலப்படியில் எஸ்எஸ்ஹெச் சாவிகளை அழித்துவிட்டு, முதல் எழுச்சியில் புதிதாக உண்டாக்க ஏற்பாடு செய்யாமல் விட்டால், அந்தச் சேவையே எழாது. கன்சோல் வழியாக உள்ளே போகத் தெரியாதவருக்குக் கணினி செத்ததாகவே படும். விண்டோஸில் பயனர் ஒருவர் தனக்கு மட்டும் ஏதோ ஒரு ஸ்டோர் ஆப்பைப் போட்டிருந்தால் சிஸ்பிரெப் அங்கேயே நின்று, இந்த நிறுவலைச் சரிபார்க்க முடியவில்லை என்றுவிடும். ஆகவே மூலப்படிக்கென்று வைத்த கணினியில் யாரும் குடியிருக்கக் கூடாது. மின்னஞ்சல் பார்க்க, சும்மா ஏதாவது சோதித்துப் பார்க்க என்று அதைத் தொடவே கூடாது.

எல்லாத் தோல்வியையும் இந்தச் சட்டத்துக்குள் அடைக்க நான் முயலவில்லை. பயாஸ் முறையில் நிறுவிய வட்டை ஹைப்பர்-வியின் இரண்டாம் தலைமுறை விஎம்மில் மாட்டினால், அது யூஇஎஃப்ஐ எதிர்பார்ப்பதால் எழாது. வட்டுக் கட்டுப்படுத்தியின் டிரைவர் உள்ளே இல்லாவிட்டால் துவக்க வட்டைக் காணவில்லை என்று நீலத்திரை வரும். இவை அடையாளச் சிக்கல்கள் இல்லை, உடல் பொருந்தாமை. ஆனால் இவற்றைக் கண்டுபிடிப்பது எளிது, முதல் நொடியிலேயே வந்துவிடும்.

இங்கே விஷயம் தெரிந்த ஒருவர் குறுக்கிடலாம். அடையாளம் அடையாளம் என்று இவ்வளவு பேசுகிறீர்களே, எஸ்ஐடி என்ற அந்தப் பாதுகாப்பு எண் இரட்டிப்பானால் ஆபத்து என்பது வெறும் கட்டுக்கதை என்று விண்டோஸ் நிபுணர் மார்க் ருஸ்ஸினோவிச்சே எழுதிவிட்டாரே என்பார். உண்மை. அந்த எண்ணை மாற்றித்தரும் நியூஎஸ்ஐடி என்ற கருவியை எழுதியவரே அவர்தான். 2009 நவம்பரில் அவர் அந்தக் கருவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கணினியின் எஸ்ஐடி அந்தக் கணினிக்கு வெளியே பயன்படுவதில்லை, டொமைன் கன்ட்ரோலர் போன்ற விலக்குகளைத் தவிர இரட்டிப்பால் கேடு ஒன்றும் இல்லை என்று காரணம் காட்டினார். அவருடைய தர்க்கத்தில் அன்றைக்கு ஓட்டை இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையிலேயே சிஸ்பிரெப் ஓட்டுவதுதான் மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கும் வழி என்றும், எஸ்ஐடி தவிர மற்ற பல அடையாளங்களையும் அது மாற்றுகிறது என்றும் சொல்லியிருந்தார். படித்தவர்கள் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சிஸ்பிரெப் இல்லாமல் பிரதி எடுப்பது பல அலுவலகங்களில் வழக்கமாயிற்று. 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து வந்த விண்டோஸ் 11, விண்டோஸ் சர்வர் 2025 திருத்தங்களில் எஸ்ஐடிச் சரிபார்ப்பைக் கடுமையாக்கினார்கள். அந்தத் திருத்தம் ஏறிய, ஒரே எஸ்ஐடி கொண்ட இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அங்கீகரிக்க மறுத்தன; பகிர்ந்த ஃபோல்டர்கள் திறக்கவில்லை, ரிமோட் டெஸ்க்டாப் இணையவில்லை. பதினாறு ஆண்டுகள் தொந்தரவு செய்யாமல் கிடந்த பழைய ஞாபகம் ஒரு திருத்தத்தில் விழித்துக்கொண்டது. இன்றைக்குத் தீங்கில்லை என்று நிரூபணமாவதும் என்றைக்கும் தீங்கில்லை என்பதும் ஒன்றாகாது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிட வலுவானது. மேகக்கணிமைக்காரர்கள் சர்வர்களைச் செல்லமாக வளர்த்த நாயைப்போல் பார்க்காதே, மந்தை மாட்டைப்போல் பார் என்பார்கள். ஒன்று விழுந்தால் அழித்துவிட்டு வேறொன்று இறக்கு. ஒரு விஎம்முக்குப் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருப்பதற்கு நேரமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் பிரதிகளில் ஒன்று பழுதானால் இந்த அறிவுரை சரி. ஆனால் மூலப்படியிலிருந்து எழும்போதே ஒன்று விழுகிறதென்றால் நிலைமை வேறு. மந்தை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். பிறந்ததும் ஒரு கன்று செத்தால் அவர் குழி தோண்டுமுன் வாயைத் திறந்து பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார். கோமாரி என்றால் மீதி மாடுகளையும் பிரிக்க வேண்டுமே. தனி மாட்டின் மீது பாசம் இல்லாவிட்டாலும் மந்தையைக் காப்பாற்ற அந்த ஓர் உடல்தான் அவருக்குச் சாட்சி. அழித்துவிட்டு மறுபடி இறக்கும்போது சில சமயம் எழுந்துவிடும், கடிகாரம் அந்த நேரத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். அப்போது சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் புகார் டிக்கெட்டை மூடுவார்கள். அது தீரவில்லை.

எங்கே தேடுவது என்பதற்கு நம் பதிப்பு மரபில் ஒரு வழி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அப்படி ஒப்பிடும் எந்தப் பதிப்பாசிரியருக்கும் தெரிந்த ஒரு நுட்பம் உண்டு. பல பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே தாயின் பிள்ளைகள், பிழை தாயிடமிருந்து வந்தது. ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் அதை எழுதியவரின் கை சறுக்கியிருக்கிறது. விஎம்களிலும் இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதே மூலப்படியிலிருந்து இறக்கிய எல்லாம் அதே கட்டத்தில் விழுகின்றனவா? ஆமென்றால் மூலப்படியைத் திற. ஒன்றுதான் விழுகிறதா? அதற்குக் கொடுத்த பெயரையும் ஐபியையும் டிஎன்எஸ்ஸையும் பார். விஎம்களைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வர்களில் ஒன்றில் இறக்கியவை மட்டும் விழுகின்றனவா? அந்த ஹோஸ்ட்டின் கடிகாரத்தையும் வலையமைப்பையும் பார். இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் லாக்கில் குதிப்பவர்கூடத் தடம் மாறிப் போவார். சுவடிக்கும் வட்டுக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. ஏட்டைப் பார்த்து எழுதுபவர் சில சமயம் பிழையைக் கண்டு தானே திருத்திவிடுவார். வட்டைப் பிரதி எடுக்கும் எந்திரம் அப்படித் திருத்தாது. மூலத்தில் ஒரு தப்பு இருந்தால் அத்தனை பிரதியிலும் அதே இடத்தில் இருக்கும்.

முழு ஓஎஸ் இல்லாமல் செயலியை மட்டும் பொதிந்து ஓட்டும் கன்டெய்னர்கள் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பாரும் உண்டு. கன்டெய்னரில் ஓஎஸ் செட்டப் என்ற கட்டமே இல்லை என்பது சரிதான். ஆனால் கன்டெய்னர்களைத் தாங்கும் கணினிகள் பல இடங்களில் டெம்ப்ளேட்டிலிருந்து எழுந்த விஎம்கள்தாம். யார் நீ, உன் ரகசியம் எது என்ற கேள்வி அங்கே கடவுச்சொல் கோப்புகளுக்கும் சூழல் மாறிகளுக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே.

அரசு அலுவலகங்களில் இந்தத் தவறுகள் திரும்பத் திரும்ப வருவதற்கு வேலை பார்ப்பவர்களின் அறியாமை காரணமில்லை என்று உறுதியாகச் சொல்வேன். பராமரிப்பு ஒப்பந்தங்கள் வேலையை அளக்கும் விதமே காரணம். டிக்கெட் திறந்த நேரத்துக்கும் மூடிய நேரத்துக்கும் இடையிலான மணிக்கணக்கை வைத்து அபராதம் போட்டால், ஒப்பந்தப் பணியாளர் லாக்கைப் படிக்க உட்கார மாட்டார்; அழித்துவிட்டு மறுபடி இறக்குவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தலைமுறை தட்டச்சு செய்த நகல்களில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி ஓர் அதிகாரி கையெழுத்திடுவார். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பதற்கு அவர் பெயரும் பதவியும் பொறுப்பு. இன்றைக்கு நூற்றுக்கணக்கான கணினிகளுக்குத் தாயாக இருக்கும் மூலப்படிக்கு அப்படிக் கையெழுத்திடுபவர் யார்? யார் அதைக் கடைசியாகத் திறந்தார், என்ன திருத்தம் போட்டார், எதைத் துடைத்தார், அதில் இருக்கும் கடவுச்சொல் எப்போது காலாவதி ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். மாதத்துக்கு ஒருமுறை, வேலை எதுவும் இல்லாதபோது, அதிலிருந்து ஒரு பிரதியை இறக்கி எழுகிறதா என்று பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இது கணினிக்காரர்களின் வீட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் தாக்கியது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வலையமைப்பைச் சரியாகப் பிரிக்காதது காரணமாகச் சொல்லப்பட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் நோயாளிப் பதிவும் பரிசோதனை முடிவும் காகிதத்தில் நடந்தன. அந்தத் தாக்குதலுக்கும் மூலப்படிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் எந்த மருத்துவமனைக்கும் எந்த அலுவலகத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அன்றைக்குப் பழைய கணினி எதையும் நம்ப முடியாது. எல்லாவற்றையும் மூலப்படியிலிருந்து புதிதாக எழுப்ப வேண்டியிருக்கும். வெளியே வரிசையில் நோயாளிகள் நிற்கும்போது அந்த ஓகே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க முடியாது. அதுவரை அழித்து அழித்துத் தப்பித்துக்கொண்ட தவறுகள் எல்லாம் அன்றைக்கு ஒன்றாக வந்து நிற்கும்.

இந்த வேலையில் இருக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு விஎம் செட்டப்பில் விழுந்தால் அதை அழிக்குமுன் அணைத்து வையுங்கள். அதன் வட்டை வேறொரு கணினியில் இணைத்து, பாந்தர் ஃபோல்டரையும் நெட்செட்டப் லாக்கையும், லினக்ஸ் என்றால் கிளவுட்-இனிட் லாக்கையும் தேதியிட்டு வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் அனுப்புமுன் அதில் கிடக்கும் பதில் கோப்பைத் திறந்து பாருங்கள், பாதியில் நின்ற நிறுவலில் நிர்வாகியின் கடவுச்சொல் அப்படியே எழுதிக் கிடக்கலாம். அதன்பின் விஎம்மைத் தாராளமாக அழித்துவிடுங்கள்.